தாடை எலும்பில் ஒரு குளிர்காலம்

2016-ஆம் ஆண்டு டென்மார்க் மக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கப்பட்டது. செத்துக் கிடக்கும் முள்ளெலியை எங்கே கண்டாலும் எடுத்துப் பத்திரப்படுத்திக் கொடுங்கள் என்று கேட்டார் சோஃபி லுண்ட் ராஸ்முசன் என்ற ஆய்வாளர். சாலையோரங்களிலும் தோட்டங்களிலும் கிடந்த உடல்களைத் தன்னார்வலர்கள் பொறுக்கி எடுத்துக் கொடுத்தார்கள். மொத்தம் 697 உடல்கள் சேர்ந்தன. அவற்றின் தாடை எலும்பிலிருந்து தாள் போன்ற சீவல்களை வெட்டி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். வெட்டிய மரத்தில் வளையங்கள் தெரிவதுபோல எலும்பின் ஓரத்தில் மெல்லிய கோடுகள் தெரிந்தன.

முள்ளெலி குளிர்காலம் முழுவதும் முடங்கிக் கிடக்கிறது. அந்த மாதங்களில் எலும்பு வளர்வது கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. வசந்தத்தில் மறுபடி வளரத் தொடங்கும்போது, நின்ற இடம் கோடாகப் பதிந்துவிடுகிறது. ஒரு கோடு என்றால் ஒரு குளிர்காலம். இப்படி எண்ணி வயது சொல்லும் முறையை இங்கிலாந்தின் பாட் மாரிஸ் 1970-லேயே முன்வைத்திருந்தார். டென்மார்க் ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. ஆய்வுக்கு வந்த முள்ளெலிகளின் சராசரி வயது ஏறத்தாழ இரண்டுதான். ஆனால் தோர்வால் என்று பெயரிடப்பட்ட ஓர் ஆண் முள்ளெலியின் தாடையில் 16 ஆண்டுகளின் கணக்கு இருந்தது. அறிவியல் பதிவுகளில் இதுவரை உள்ள மிக முதிய முள்ளெலி அதுதான்.

பதினாறு குளிர்காலங்களில் உடல் சில்லிட்டு, இதயம் ஏறத்தாழ ஓய்ந்து, பிறகு எழுந்து நடந்த உயிர் அது. அந்தக் கோடு ஒவ்வொன்றுக்கும் அந்த உடல் என்ன விலை கொடுத்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது. அந்த விலையைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் இந்த விலங்கைக் காப்பாற்ற முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். முள்ளெலியைப் பலர் முள்ளம்பன்றியின் குட்டி என்று நினைக்கிறார்கள். முள்ளம்பன்றி கொறிக்கும் விலங்கு. எலி, அணில் வகையோடு சேர்ந்தது. முள்ளெலியோ பெயரில் எலியைச் சுமந்தாலும் எலிக்கு உறவில்லை. நம் வீடுகளில் இரவில் கீச்சிட்டுக்கொண்டு சுவரோரமாக ஓடும் மூஞ்சூறுதான் அதற்கு நெருங்கிய சொந்தம். நீண்ட மூக்கு, மங்கலான பார்வை, பூச்சியைத் தேடும் பசி ஆகிய மூன்றும் இரண்டுக்கும் பொது. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களில்தான் முள்ளெலிகள் இயல்பாக வாழ்கின்றன. அமெரிக்கக் கண்டங்களிலும் ஆஸ்திரேலியாவிலும் இயற்கையாக ஓர் இனம்கூட இல்லை. இவற்றில் மிக அதிகமாக ஆராயப்பட்டது ஐரோப்பிய முள்ளெலி. லின்னேயஸ் 1758-இல் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

வளர்ந்த ஐரோப்பிய முள்ளெலியின் முதுகில் ஐயாயிரம் அளவுக்கு முட்கள் இருக்கும். ஒவ்வொரு முள்ளும் உருமாறிய முடிதான். நம் நகத்திலும் முடியிலும் உள்ள அதே கெரட்டின், உள்ளே காற்றறைகளோடு, எடையில்லாமல், ஆனால் வளைந்தால் ஒடியாத உறுதியோடு அமைந்திருக்கிறது. இத்தனை முட்களோடு ஒரு தாய் எப்படிப் பிரசவிக்கிறாள் என்ற கேள்வி எவருக்கும் எழும். விடை அழகானது. பிறக்கும்போது குட்டியின் முதுகுத்தோல் நீர் கோத்து வீங்கியிருக்கும்; நூறு, நூற்றைம்பது வெள்ளை முட்கள் அந்த வீக்கத்துக்குள் புதைந்திருக்கும். பிறந்த சில மணி நேரத்தில் அந்த நீர் வடியும், தோல் சுருங்கும், முட்கள் வெளியே தலைகாட்டும். ஓரிரு நாளில் அவற்றுக்கிடையே கருமை கலந்த அடுத்த தொகுதி முளைக்கும். கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். அதற்கு முன்பே கவசம் தயாராகிவிடுகிறது.

சுருண்டுகொள்வது முள்ளின் வேலை இல்லை, தசையின் வேலை. முதுகுத்தோல் உடம்பின் அளவைவிடப் பெரிது. தொளதொளவென்று போர்த்திய சால்வை போலக் கிடக்கும். அதன் விளிம்பைச் சுற்றி வட்டமான ஒரு தசை ஓடுகிறது. ஆபத்து வந்தால் முள்ளெலி தலையையும் கால்களையும் உள்ளே இழுத்து, அந்தத் தசையைச் சுருக்குகிறது. சுருக்குப்பையின் கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்வதைப் போலத் தோல் மொத்தமும் உடலை மூடிவிடுகிறது. நரி பெரும்பாலும் இதன்முன் தோற்றுப்போகும். பேட்ஜர் என்ற வலிய நகமுள்ள விலங்கும் பெரிய ஆந்தையும்தான் இந்தப் பந்தைப் பிரிக்கத் தெரிந்தவை. இலட்சக்கணக்கான ஆண்டுகளாகப் பலன் தந்த இந்த உத்திக்கு ஓர் எதிரி மட்டும் பழக்கமில்லை. ஓடி வரும் காருக்கு முன்னாலும் முள்ளெலி அசையாமல் சுருண்டு உட்கார்ந்துவிடுகிறது.

முள்ளெலி தனித்து வாழ்வது. இரவில் மூக்கைத் தரையில் பதித்துக்கொண்டு வண்டு, கம்பளிப்புழு, மண்புழு என்று தேடித் தின்னும். ஓர் இரவில் இரண்டு கிலோமீட்டர்கூட நடக்கும். தன் எல்லை என்று எதற்காகவும் சண்டையிடுவதில்லை. ஒரே தோட்டத்துக்கு வெவ்வேறு நேரங்களில் பல முள்ளெலிகள் வந்துபோகும். இணை சேரும் பருவத்தில் ஆண், பெண்ணைச் சுற்றிச் சுற்றி மணிக்கணக்கில் வட்டமிடும். பெண் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு உறுமலும் சீறலுமாக விலகும். பெரும்பாலான முறை ஆண் வெறுங்கையோடு திரும்பும். சேர்ந்தாலும் குட்டி வளர்ப்பில் அதற்குப் பங்கே இல்லை. ஒரு மாதத்துக்குச் சற்று அதிகமான சினைக்காலம், ஏறத்தாழ ஆறு வாரப் பாலூட்டல், நான்கைந்து குட்டிகள் என அத்தனையும் தாயின் தலையில்தான்.

அதன் பழக்கங்களில் விசித்திரமானது ஒன்று உண்டு. புதிய வாசனையோ சுவையோ தட்டுப்பட்டால் முள்ளெலி அதை மென்று மென்று வாயில் நுரை தள்ளும். பிறகு உடலை முறுக்கி, நீண்ட நாவால் அந்த நுரையைத் தன் முட்களின்மேல் பூசிக்கொள்ளும். தேரையின் நச்சுத்தோலைக் கடித்துவிட்டுப் பூசிக்கொள்வதும் பார்க்கப்பட்டிருக்கிறது. இதற்குப் பல விளக்கங்கள் சொல்லப்பட்டாலும் எதையும் எல்லோரும் ஏற்கவில்லை. விரியன் பாம்போடு மோதும் துணிவுக்கு மட்டும் விளக்கம் கிடைத்துவிட்டது. அதன் தசையில் எரினாசின் என்ற புரதம் இருக்கிறது. விரியன் நஞ்சில் இரத்தக்கசிவை உண்டாக்கும் கூற்றை அது முடக்கிவிடுகிறது.

இனி அந்தக் கோட்டுக்கு வருவோம்.

ஐரோப்பாவில் இலையுதிர் காலம் தொடங்கியதும் முள்ளெலியின் உணவு மறையத் தொடங்குகிறது. வண்டுகள் இல்லை, மண்புழுக்கள் ஆழத்துக்குப் போய்விடுகின்றன. பறவையைப் போலத் தெற்கே பறந்து போக முடியாத சிறு உடல், உணவில்லாத நான்கைந்து மாதங்களைத் தாண்ட ஒரே வழி செலவைக் குறைப்பது. அதற்கு முன்பு சேமிப்பு வேண்டும். செப்டம்பரில் முள்ளெலி வெறிகொண்டதுபோல் தின்கிறது. தோலுக்கடியிலும் வயிற்றுக்குள்ளும் வெள்ளைக் கொழுப்பு சேர்கிறது. அதுதான் குளிர்காலச் சாப்பாடு. கழுத்தையும் தோளையும் சுற்றிப் பழுப்புக் கொழுப்பு என்ற வேறொன்றும் சேர்கிறது. அதன் வேலை என்ன என்பதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்தது கூடு. இங்கே முள்ளெலியின் கைத்திறனைச் சொல்லாமல் போக முடியாது. புதரின் அடியிலோ விறகுக் குவியலின் அடியிலோ இடம் பார்த்து, அகன்ற இலைகளை வாயில் கவ்விக் கவ்விக் கொண்டுவந்து குவிக்கிறது. பிறகு குவியலுக்குள் நுழைந்து, நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றித் திரும்புகிறது. முட்கள் இலைகளைச் சீவிச் சீவி ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைக்கின்றன. கடைசியில் வெற்றிலைக் கவுளி அடுக்கியதைப் போல இலைகள் இறுக்கமாகப் பதிந்த ஒரு சுவர் உருவாகிறது. பத்து, இருபது சென்டிமீட்டர் தடிமன். மழைநீர் உள்ளே இறங்காது; வெளியே உறைபனி இருந்தாலும் உள்ளே வெப்பம் சுழிக்குச் சற்று மேலேயே நிற்கும். அகன்ற இலை மரங்கள் இல்லாத இடத்தில் இந்தச் சுவரைக் கட்ட முடியாது.

நம் பாடநூல்கள் இதைக் குளிர்கால உறக்கம் என்கின்றன. உறக்கம் என்ற சொல் இங்கே நம்மைத் திசைதிருப்புகிறது என்றே சொல்வேன். உறங்குபவரைத் தட்டினால் எழுந்துவிடுவார். அவர் உடல் வெப்பம் அரை டிகிரி, ஒரு டிகிரிக்கு மேல் குறையாது. முள்ளெலியில் நடப்பது வேறு. 35 டிகிரி செல்சியஸில் இருந்த உடல், கூட்டின் வெப்பத்தை ஒட்டி 10 டிகிரிக்கும் கீழே, சில வேளை 5 டிகிரி வரை இறங்குகிறது. நிமிடத்துக்கு 190 அளவில் துடித்த இதயம் 20-க்கும் கீழே போகிறது. மூச்சு சில தடவை வந்து, பிறகு முற்றிலும் நின்றுவிடுகிறது. ஒரு மணி நேரம்வரைகூட அடுத்த மூச்சு வருவதில்லை. தொட்டால் குளிர்ந்த கல். ஆனாலும் செத்துவிடவில்லை, விரலால் தீண்டினால் முட்கள் இலேசாகச் சிலிர்க்கும். இதை மடிநிலை என்று அழைப்பது பொருத்தமாக இருக்கும்.

மனித இதயம் 28 டிகிரிக்குக் கீழே போனால் தாளம் கெட்டு வெறுமனே படபடத்து நின்றுவிடும் அபாயம் உண்டு. முள்ளெலியின் இதயம் அதைவிட இருபது டிகிரி குறைந்த குளிரிலும் தாளம் தவறாமல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயச் செல்லுக்குள் நுழைந்த கால்சியத்தை வெளியேற்றினால்தான் அடுத்த துடிப்பு ஒழுங்காக வரும். குளிரில் நம் செல்களால் அது முடிவதில்லை. மடிநிலை விலங்குகளால் முடிகிறது. அறுவை சிகிச்சைக்காக உடலைக் குளிரூட்டும் மருத்துவர்களும் இந்த விலங்குகளைக் கவனிப்பதற்குக் காரணம் இதுதான். ஃபின்லாந்தில் பாவோ சுவோமலைனன் 1930-களிலேயே முள்ளெலியின் இரத்தத்தை ஆராய்ந்து, மடிநிலையில் மெக்னீசியம் கூடுவதைக் கண்டார். ஹெல்சின்கியில் அவரைத் தொடர்ந்து வந்தவர்கள் பல பத்தாண்டுகள் இதே விலங்கோடு உழைத்தார்கள்.

பெரும்பாலானோர் அறியாத செய்தி இனிமேல்தான் இருக்கிறது. முள்ளெலி நவம்பரில் படுத்து மார்ச்சில் எழுவதில்லை. ஒரு வாரம், பத்து நாளுக்கு ஒருமுறை அது எழுந்துவிடுகிறது. அப்போதுதான் பழுப்புக் கொழுப்புக்கு வேலை வருகிறது. சாதாரணச் செல்லில் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு, அணைநீரை விசைச்சுழலி வழியே விட்டு மின்சாரம் எடுப்பதுபோல, உணவிலிருந்து செல்லுக்கான ஆற்றலைச் சேமிக்கிறது. பழுப்புக் கொழுப்பிலோ மதகைத் திறந்துவிட ஒரு தனிப் புரதம் உண்டு. நீர் சுழலியைத் தொடாமல் பாய்ந்துவிடுகிறது. ஆற்றல் முழுவதும் வெப்பமாகிறது. தோளிலும் கழுத்திலும் மூட்டிய இந்த அடுப்பு முதலில் இதயத்தையும் மூளையையும் சூடாக்குகிறது. பின்னங்கால்கள் குளிர்ந்து கிடக்கும்போதே முன்பாதி சூடேறிவிடும். பிறகு தசை நடுக்கமும் சேர்ந்துகொள்ள, சில மணி நேரத்தில் உடல் முழுவதும் 35 டிகிரிக்குத் திரும்புகிறது. ஒரு நாள் அளவு விழித்திருந்துவிட்டு மறுபடி இறங்குகிறது. சில முள்ளெலிகள் இந்த இடைவெளியில் எழுந்து போய் வேறு கூடும் கட்டிக்கொள்கின்றன.

இந்த விழிப்புதான் செலவு. மடிநிலையில் பல நாட்கள் கிடப்பதற்கு ஆகும் கொழுப்பு ஒரே ஒரு விழிப்பில் எரிந்துவிடுகிறது. மடிநிலை விலங்குகளில் நன்றாக அளக்கப்பட்டது தரை அணில். குளிர்காலம் முழுவதற்குமான அதன் ஆற்றல் செலவில் பெரும்பகுதி அந்தச் சில விழிப்புகளுக்கே போகிறது. அப்படியிருந்தும் ஏன் எழ வேண்டும்? மூளை அலைகளைப் பதிவுசெய்தபோது வியப்பான ஒன்று தெரிந்தது. தரை அணில்கள் உடல் சூடேறியதும் ஆழ்ந்து உறங்கத் தொடங்குகின்றன, பல நாட்கள் கண் மூடாதவர்கள் உறங்குவதைப் போல. குளிர்ந்த மூளையால் உண்மையான உறக்கத்தைப் பெற முடியவில்லை. எனவே உறங்குவதற்காகவே எழ வேண்டியிருக்கிறது என்பது ஒரு கருத்து. கழிவை நீக்கவும் நோய் எதிர்ப்பு அமைப்பை முடுக்கவும் எழுகின்றன என்பாரும் உண்டு. காரணம் எதுவாயினும் கணக்கு மாறாது. வசந்தத்தில் வெளியே வரும் முள்ளெலி தன் எடையில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை இழந்திருக்கும்.

இதோடு ஒட்டிய இன்னொரு கணக்கு உண்டு. மடிநிலையில் மிகக் குறைந்த செலவு ஆவது ஏறத்தாழ 4 டிகிரியில். கூட்டின் வெப்பம் அதற்குக் கீழே போனால், இரத்தம் உறையாமல் காக்க உடல் கூடுதலாக எரிக்க வேண்டும். மேலே போனாலும் வேதிவினைகள் வேகம் பிடித்துக் கொழுப்பு கூடுதலாகக் கரைகிறது. இதனால் இதமான குளிர்காலம் முள்ளெலிக்கு நல்லது என்று நினைப்பது தவறு. ஜனவரியில் ஒரு வாரம் வெயில் அடித்தால் அது எழுந்துவிடுகிறது; வெளியே வந்தால் வண்டும் இல்லை, புழுவும் இல்லை. காலநிலை மாற்றம் என்றதும் நாம் வெப்பத்தில் வாடும் உயிர்களை நினைக்கிறோம். இங்கே போதிய குளிர் இல்லாததால் ஓர் உயிரின் சேமிப்பு கரைகிறது.

இந்தக் கணக்கில் முதலில் தோற்பவை கடைசியில் பிறந்த குட்டிகள். கோடையில் பிறந்தவற்றுக்குத் தின்று தேற நேரம் இருக்கிறது. செப்டம்பரில் பிறந்தவை பால் மறக்கும்போதே பனி தொடங்கிவிடும். குறைந்தது 450 முதல் 600 கிராம் எடையாவது இல்லாமல் படுத்த குட்டி வசந்தத்தைப் பார்ப்பது அரிது. நவம்பரில் பகல் வெளிச்சத்தில் தள்ளாடித் திரியும் சிறு முள்ளெலிகள் பெரும்பாலும் இவைதான். அவற்றைக் கண்டு இரங்குபவர்கள் கிண்ணத்தில் பால் வைக்கிறார்கள். முள்ளெலியால் பாலைச் செரிக்க முடியாது. வயிற்றுப்போக்கு வந்து இருக்கிற எடையும் போய்விடும். தண்ணீரும் பூனை உணவும் போதும்.

மனிதனின் கணக்கும் இதில் குறுக்கிடுகிறது. ‘ஹெட்ஜ்ஹாக்’ என்ற முள்ளெலியின் ஆங்கிலப் பெயரிலேயே ‘ஹெட்ஜ்’ என்ற உயிர்வேலி இருக்கிறது. வயல் வரப்புகளில் புதராக வளர்ந்து நிற்கும் அந்த வேலிதான் அதற்கு உணவிடம், நடைபாதை, கூடு கட்டும் இடம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் வயல்களைப் பெரிதாக்குவதற்காக இங்கிலாந்தில் மைல் கணக்கில் உயிர்வேலிகள் பிடுங்கப்பட்டன. பூச்சிக்கொல்லி உணவைக் குறைத்தது. 2020-இல் பிரிட்டனின் பாலூட்டிகள் பட்டியலில் முள்ளெலி அழிவாய்ப்புள்ள இனமாகச் சேர்க்கப்பட்டது. அங்கு 2022-இல் வெளியான அறிக்கையின்படி, 2000-ஆம் ஆண்டுக்குப் பிறகு கிராமப்புறங்களில் முள்ளெலிகள் 30 முதல் 75 சதவீதம்வரை குறைந்துள்ளன. 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் ஐரோப்பிய முள்ளெலியை அச்சுறுத்தலை நெருங்கும் இனம் என்று மாற்றியது. டென்மார்க்கில் சேர்ந்த உடல்களில் பாதிக்கும் மேல் சாலையில் அடிபட்டவை.

பிரிட்டனின் நகரங்களில் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று அந்த 2022 அறிக்கை சொல்கிறது. அங்கே முள்ளெலிக்கு உதவப் பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. 2011-இல் தொடங்கிய ‘ஹெட்ஜ்ஹாக் ஸ்ட்ரீட்’ இயக்கம் வீட்டுக்காரர்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வேலியின் அடியில் 13 சென்டிமீட்டர் சதுரத்தில் ஓர் ஓட்டை போடுங்கள். ஒரு முள்ளெலிக்கு ஒரு தோட்டம் போதாது. பல தோட்டங்கள் வேண்டும். ஓட்டை போட்டால் தெரு முழுவதும் அதன் காடாகிவிடுகிறது. நவம்பர் 5 அன்று அங்கே சொக்கப்பனை போல விறகைக் குவித்துக் கொளுத்துவது பழைய வழக்கம். முள்ளெலி கூட்டுக்கு இடம் தேடும் நாட்களும் அவையே. கொளுத்தும் முன் குவியலைப் பிரித்து வேறிடத்தில் அடுக்குங்கள் என்று ஆண்டுதோறும் அறிவிக்கிறார்கள்.

நம் ஊரிலும் முள்ளெலி உண்டு. தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இனம். தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு 1851-இல் விவரித்த அதன் அறிவியல் பெயருக்கு ‘முடியற்ற வயிறு’ என்று பொருள். ஐரோப்பிய முள்ளெலியைவிட மிகச் சிறியது; இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிச் செம்மணலிலும், கொங்கு நாட்டின் மேய்ச்சல் நிலங்களிலும், வறண்ட புதர்க்காடுகளிலும் வாழ்கிறது. பனியில் கிடக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. அதன் சோதனை வறட்சி. அதன் நெருங்கிய உறவான ராஜஸ்தான் முள்ளெலி உணவும் நீரும் அற்ற நாட்களில் இதே மடிநிலையைக் கையாள்கிறது. குளிருக்கென்று நாம் நினைக்கும் உத்தி உண்மையில் பஞ்சத்துக்கானது.

கொங்கு நாட்டுத் தோட்டக்காரர்களுக்கு உயிர்வேலி என்ற சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிளுவை வேலிகள் கம்பி வேலிகளாக மாறிக்கொண்டிருப்பதும் அவர்களுக்குத் தெரியும். இங்கிலாந்து எழுபது ஆண்டுகளுக்கு முன் பிடுங்கியதை இன்று மறுபடி நட்டுக்கொண்டிருக்கிறது. நம்மிடம் அது இன்னும் மிச்சம் இருக்கிறது. தேரிச் சாலையிலோ மேய்ச்சல் காட்டுப் பாதையிலோ இரவில் வண்டி ஓட்டுபவர்கள், விளக்கொளியில் சிறு உருண்டை ஒன்று தெரிந்தால் நிறுத்துங்கள். அது கல்லாக இருக்காது. நீங்கள் எவ்வளவு ஒலி எழுப்பினாலும் விலகி ஓடாது. நாட்டு மருந்து என்று முள்ளெலியின் தோலையோ முள்ளையோ கேட்டு யாரிடமும் போகாதீர்கள். உங்கள் தோட்டத்தில் கிளுவை வேலி இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள்.